டிஸ்சார்ஜுக்கு அப்புறம் என்ன? சென்னையின் போதை மீட்புச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

சென்னையில் உள்ள போதை மீட்பு மையங்களைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைக்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஏசி ரூம், சாப்பாடு, 'ஸ்டாஃப் நல்லா பேசுறாங்க' என்பதோடு முடிந்துவிடும். ஏதோ லாட்ஜுக்கு மார்க் போட்டதுபோல இருக்கும். உள்ளே இருக்கும் முப்பது நாளும் குடிக்காமல் இருப்பது பெரிய விஷயமே இல்லை. அங்கே சரக்கு கிடைக்காது. வீடு திரும்பிய பிறகு வரும் முதல் சனிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு, அந்த ஆளுக்கு யார் துணை என்பதுதான் கேள்வி. கீழே உள்ள மதிப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான். படுக்கை வசதிக்கு இங்கே மார்க் கிடையாது.

உடம்பு தெளிவதும் மனசு தெளிவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. தினமும் குடித்தவருக்குக் கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இரவா பகலா என்று தெரியாது, காய்ச்சல் அடிக்கும். 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நிலை உயிரையே வாங்கக்கூடியது. ஆகவே நாள்பட்ட குடிகாரரை வீட்டு அறையில் பூட்டிவைத்து 'இன்னையோட விட்டுடு' என்பது வைத்தியமே அல்ல. சரியான மருந்து கிடைத்தால் இந்தக் கட்டம் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருவது நீளமானது: தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், எதிலும் ருசி இல்லாமை, திடீர்ப் பதற்றம். இது மாதக்கணக்கில் இழுக்கும். 'அதான் குடிக்கலையே, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே' என்று வீட்டில் கேட்க ஆரம்பிப்பதும் அப்போதுதான். எந்த மையம் இந்தக் கட்டத்துக்குத் திட்டம் வைத்திருக்கிறதோ அதுவே நல்ல மையம்.

தனியார் மையங்கள்

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். போனில் 'வண்டி அனுப்புறோம் சார், நாங்களே ஆளைத் தூக்கிட்டு வந்துடுறோம்' என்று சொல்லும் இடமாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கேளுங்கள், அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா, காலாவதி தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.

நோயாளி தன் விருப்பத்தில் சேர்ந்தால், போக வேண்டும் என்று கேட்கும்போது விட வேண்டும். மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை மட்டுமே நிறுத்திவைக்கலாம். அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லையென்றால் அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் செயல்படச் சட்டம் ஏற்கும் ஆள், விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள், அதில் ஒருவர் மனநல மருத்துவர், தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் முதல் கட்டம் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் எந்தச் சூழலிலும் அனுமதிக்கவில்லை. 'ஆறு மாசம் உள்ள போடுங்க, நாங்க பாத்துக்கிறோம்' என்று வீட்டார் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் இடங்கள் இந்த ஊரில் இருந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இல்லத்தில் ஆள் இறந்து போலீஸ் வழக்கு ஆனதும் உண்டு.

இன்னும் மூன்று கேள்விகள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? ராத்திரி வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? முதல் நாளே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் வழக்கம் இருந்தால், அதற்கு முன்னால் தயாமின் ஊசி போடுகிறார்களா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். நாள்பட்ட குடியில் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸைச் செரிக்க அதுதான் வேண்டும். இருக்கிற கொஞ்சமும் அதில் செலவானால் மூளை பாதிக்கப்பட்டு நினைவுத்திறன் நிரந்தரமாகவே போகலாம். நடத்துபவர்களுக்கு மருத்துவம் தெரியுமா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

'பேக்கேஜ்' என்று ஒரு தொகை சொன்னால் அதில் ரத்தப் பரிசோதனை, மருந்து, குடும்பத்துக்கான கவுன்சிலிங், டிஸ்சார்ஜுக்குப் பிறகான சந்திப்புகள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் அடங்காது. நமக்கு வேண்டியதோ அதுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்தத் தேதியில் குறைப்பது, எந்தத் தேதியில் நிறுத்துவது, கல்லீரல் பரிசோதனையின் அளவுகள், அடுத்த சந்திப்பு நாள், ராத்திரி கூப்பிட ஒரு எண். இவ்வளவும் இருக்க வேண்டும். குளோர்டயசெபாக்சைடு, லோரசெபாம் மாதிரி மாத்திரைகளுக்கு நிறுத்தும் தேதி எழுதாமல் 'கண்டின்யூ' என்று மட்டும் இருந்தால் டாக்டரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். அவை கைநடுக்கத்தை அடக்கக் கொடுக்கும் குறுகிய கால மருந்துகள். மாதக்கணக்கில் போனால் அதுவே இன்னொரு பழக்கம்.

டி.டி.கே. ஆஸ்பத்திரி, இந்திரா நகர்

அடையாறு இந்திரா நகரில் உள்ள இது டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை. 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடியை ஒழுக்கக்கேடு என்று பார்த்த காலத்தில் 'இது நோய், குடும்பமும் சேர்ந்து நோயில் விழுகிறது' என்ற பார்வையைச் சென்னையில் ஊன்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பைத் தெளியவைத்த பிறகு குழுக் கலந்துரையாடல், தனி ஆலோசனை, குடும்பத்தாருக்குத் தனி வகுப்பு என்று போகும். நோயாளியின் மனைவியும் அம்மாவும் உட்கார்ந்து பாடம் கேட்பதைத்தான் இதன் பெரிய பலமாகச் சொல்ல வேண்டும். ஆனால் குடும்பம் நேரம் ஒதுக்கினால்தான் பலன். 'காசு கட்டியாச்சு, நீங்களே சரி பண்ணி அனுப்புங்க' என்பவர்களுக்கு இது பொருந்தாது.

அரசு மருத்துவமனைகள்

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-லிருந்து இருக்கிறது. பெயரைக் கேட்டாலே 'கீழ்ப்பாக்கமா!' என்று முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருப்பதால், இலவசமாக மனநல மருத்துவர் கிடைக்கும் இடத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் மாநிலம் முழுக்க 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. கீழ்ப்பாக்கமும் அதில் ஒன்று. இது தவிர அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

அரசு ஓ.பி.யின் பலம் நிபுணரும் மருந்தும். பலவீனம் நேரம்: கூட்டம் அதிகம், டாக்டர் முன்னால் உட்காரும் நிமிஷங்கள் குறைவு, ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு தாளில் நாலே வரி எழுதிக்கொண்டு போங்கள். போன தடவையிலிருந்து சராசரியாக எத்தனை மணி நேரத் தூக்கம், குடிக்கத் தோன்றிய நாட்கள், விட்டுப்போன மாத்திரைகள், புதிதாக வந்த தொந்தரவு. பழைய ஓ.பி. சீட்டும் தீர்ந்த மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். 'எப்படி இருக்கு?' 'பரவாயில்ல சார்' என்று முடியும் சந்திப்பு இந்தத் தாள் இருந்தால் உருப்படியாகும்.

மாத்திரைகள்: கொஞ்சம் விரிவாகவே

குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் (வழக்கமாகத் தினம் 50 மி.கி.), அகாம்ப்ரோசேட் (333 மி.கி. மாத்திரை இரண்டு, தினம் மூன்று வேளை) ஆகியவை இருக்கின்றன. முதலாவதற்குக் கல்லீரலையும் இரண்டாவதற்குச் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள். டாபென்டடால், டிராமடால் போன்ற வலி மாத்திரைகளைப் போதைக்காகப் போட்டவர் அதை மறைத்து நால்ட்ரெக்ஸோன் எடுத்தால் கடுமையான வித்டிராயல் (போதையை நிறுத்தும்போது வரும் உடல் தொந்தரவு) உடனே பிடித்துக்கொள்ளும். 7 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். டாக்டரிடம் இதை மறைக்கவே கூடாது. நால்ட்ரெக்ஸோன் எடுப்பவர் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருப்பது நல்லது. விபத்து நடந்தால் வழக்கமான மார்ஃபின் வகை வலி மருந்து வேலை செய்யாது.

டைசல்ஃபிராம் வேறு ரகம். ஆசையைக் குறைக்காது, குடித்தால் தண்டிக்கும். 250 மி.கி. மாத்திரை எடுப்பவர் குடித்தால் பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் முகம் சிவக்கும், தலை வெடிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு உயிராபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த வேலை நடக்கலாம். 'மூணு நாளா மாத்திரை போடல, இன்னைக்கு அடிக்கலாம்' என்ற கணக்கு தப்புவது இதனால்தான்.

'அவருக்குத் தெரியாமல் டீயில் கலந்து கொடுங்கள், ஒரே வாரத்தில் குடியை மறப்பார்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரப் பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராமாக இருந்தால், விஷயம் தெரியாமல் வழக்கம்போல அரை பாட்டில் குடிக்கும் மனிதர் செத்தும் போகலாம். பிழைத்தாலும், மனைவி கொடுக்கும் சோற்றை அவர் இனி நம்ப மாட்டார். இந்த மாத்திரை அவருடைய சம்மதத்தோடு, காலையில், வீட்டார் ஒருவர் முன்னிலையில் விழுங்கப்பட்டால்தான் பயன் தருகிறது.

சாராயம் ஒளிந்திருக்கும் இடங்கள் நம் வீட்டிலேயே உண்டு. தசமூலாரிஷ்டம், அசுவகந்தாரிஷ்டம் முதலிய அரிஷ்டங்களில் புளித்தலால் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கும். பாட்டிலின் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். சில இருமல் சிரப்புகள், சில மவுத்வாஷ்கள், ஹோமியோபதி டிஞ்சர் சொட்டுகள், ஷேவிங்குக்குப் பிறகு பூசும் லோஷன் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். வயிற்றுப்போக்குக்கும் பல்வலிக்கும் சாதாரணமாக எழுதித் தரும் மெட்ரோனிடசோலை டைசல்ஃபிராமோடு சேர்த்தால் மனக்குழப்பம் வரலாம் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரைப் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஏஏ கூட்டங்கள்

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குடிநோயாளிகளின் குழு. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய இது சென்னையில் பல பேட்டைகளில் நடக்கிறது. சர்ச் ஹால்களிலும் பள்ளிக்கூட அறைகளிலும், பெரும்பாலும் சாயங்காலத்தில். தமிழில் தனி, இங்கிலீஷில் தனி. கட்டணம் கிடையாது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் ஊரில், ஆபீஸ் முடிந்து கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் அந்த நேரத்தில் போக ஒரு இடம் இருப்பதே இதன் முதல் பயன். சனிக்கிழமை ஏழு மணிக் கேள்விக்கு இந்த ஊரில் கிடைக்கும் பதில்களில் எங்கள் முதல் மார்க் இதற்குத்தான்.

முதல் தடவை போகிறவர் பத்து நிமிஷம் முன்னால் போய் வாசலில் நிற்பவரிடம் 'நான் புதுசு' என்றால் போதும். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. முறை வரும்போது 'இன்னைக்குக் கேட்க மட்டும் வந்திருக்கேன்' என்று சொல்லலாம். 'என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கி ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே அறிவுரை சொல்லும் வழக்கம் இல்லை. நடுவில் ஒரு பை சுற்றி வரும், வாடகைக்கும் டீக்கும். புதியவர் போட வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து டம்ளரில் டீயோடு நிற்கும் பதினைந்து நிமிஷத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அப்போதுதான் இரண்டு மூன்று பேருடைய போன் நம்பர் கிடைக்கும். 'அண்ணே, கை அரிக்குது' என்று ஒன்பது மணிக்குக் கூப்பிட ஒரு ஆள் கிடைப்பதுதான் நீங்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வருவது. குடிக்கும் வெறி அலையாக எழும்; பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தைப் பேசியே கடத்திவிடலாம்.

ஓப்பன் மீட்டிங்கில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், குளோஸ்டு என்றால் குடிநோயாளிகள் மட்டும். வீட்டாரோடு போவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். குழுவுக்குக் குழு சுபாவம் வேறு. சொந்தத் தெருவில் தெரிந்துவிடும் என்ற கூச்சம் இருந்தால் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போகலாம். ஸ்பான்சராக, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, ஒருவரைக் கேட்கும்போது அவர் குறைந்தது ஒரு வருஷமாவது குடிக்காமல் இருப்பவரா என்று பார்ப்பது நல்லது.

குறைகளும் உண்டு. கடவுள் பேச்சு அதிகம். 'நாம் உணர்ந்தபடியான கடவுள்' என்று சொன்னாலும் நாத்திகருக்கு நெருடும். பெண்கள் குறைவு, அதனால் பெண்ணாக முதல் தடவை உள்ளே நுழைவது கஷ்டம். டாக்டர் கிடையாது. சில மூத்தவர்கள் 'மனச்சோர்வு மாத்திரையும் போதைதான், விட்டுடு' என்று சொல்லிவிடுவார்கள். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் ஏஏ அமைப்பின் சொந்த நிலைப்பாடே. யார் சொன்னாலும் மாத்திரையை அவர் பேச்சுக்காக நிறுத்தாதீர்கள்.

வீட்டாருக்கு அல்-அனான் குழுக்கள் தனியாக உண்டு. குடித்தவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் மனைவி போகலாம். பாட்டிலைத் தேடி பீரோவை உதறுவது, ஆபீஸுக்குப் போன் செய்து 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வது, சம்பளத்தைப் பிடுங்கி வைப்பது என்று வருஷக்கணக்கில் ஓடிய வீட்டுக்கு, அதிலிருந்து வெளியே வரவும் பயிற்சி வேண்டும்.

தூக்கமும் சோர்வும்

முதல் மாதங்களில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்பிரசோலம் வாங்குவது பலர் செய்யும் காரியம். அது ஹெச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைப்பது, நாலு மணிக்கு மேல் டீ காபி நிறுத்துவது, காலை வெயிலில் அரை மணி நடப்பது ஆகியவற்றைக் குறைந்தது மூன்று வாரம் செய்து பார்க்க வேண்டும். குடியை விட்டவர் டீயும் சிகரெட்டும் இரட்டிப்பாக்கிவிட்டு 'தூக்கம் வரல' என்பது வழக்கமான கதை.

மனச்சோர்வில் ஒரு கணக்கு உண்டு. குடியால் வந்த சோர்வு குடியை நிறுத்தி மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் தானே தெளியும். அதற்குப் பிறகும் விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை நீடித்தால் அது தனி நோய். மனநல மருத்துவரைப் பாருங்கள். எசிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், போதை தராது, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் நாலு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே கூட்டிப்போக வேண்டும்.

14416 என்ற டெலி-மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது; இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல மருத்துவர். ஒவ்வொரு தடவையும் வேறு குரல் வரும், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆகவே தொடர் சிகிச்சைக்கு இது மாற்று அல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு மட்டும் நல்ல துணை. போதை தொடர்பாக மத்திய அரசின் எண் 14446. தற்கொலைத் தடுப்புக்கு 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சினேகா இருக்கிறது: 044-24640050.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை என்ன செய்வது என்பதற்கு எந்த மையமும் தெளிவாக எழுதித் தருவதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி ஏசி உள்ள, காசு கேட்காத, ராத்திரி வரை திறந்திருக்கும் இடங்கள் பயன்படும். பசியோடு வீடு திரும்பாமல் ஐந்தரைக்கு ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுவது நல்லது. வெறும் வயிறும் களைப்பும் ஆசையைக் கிளப்பும். சம்பள நாள், கல்யாண ரிசப்ஷன், ஆயுதபூஜை, சாவு வீடு ஆகிய நாலுக்கும் முன்கூட்டியே துணைக்கு ஒரு ஆளும், கிளம்பும் நேரமும் முடிவாக இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸை நம்பிச் சேர்ப்பவர்கள் பாலிசியில் விலக்கு எண் 12-ஐப் படியுங்கள். மதுவுக்கும் போதைக்குமான சிகிச்சையும் அதனால் வரும் விளைவுகளும் பெரும்பாலான பாலிசிகளில் அந்த எண்ணின் கீழ் வெளியே நிறுத்தப்பட்டிருக்கும்.

மறுபடி குடித்துவிட்டால்

இங்கேதான் சேவைகளின் தரம் தெரியும். சில தனியார் இடங்களில் மறுபடி முழு பேக்கேஜ் என்பார்கள். சேரும்போதே இதைக் கேட்டுவைக்கலாம். அரசு ஓ.பி.க்குப் பழைய சீட்டோடு போகலாம். ஏஏ கூட்டத்தில் நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், நாற்காலி அப்படியே இருக்கும். ஒரு நாள் சறுக்கல் என்றால் அன்றே போன், மறுநாளே டாக்டர். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டில் தானாக நிறுத்த வேண்டாம். வலிப்பு அபாயம் மறுபடி வந்துவிடும். டைசல்ஃபிராம் கையில் இருந்தால் குடித்த நிலையில் அதை விழுங்கக் கூடாது. ஊசி, வலி மாத்திரை, ஹெராயின் வகைப் பழக்கம் இருந்தவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. ஒரு மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். இதை டிஸ்சார்ஜ் அன்றே நோயாளிக்கும் வீட்டாருக்கும் எதிரில் உட்காரவைத்துச் சொல்லும் மையத்தில் சேர்க்கலாம்.